இளமையும் எள்ளலும்: காவிரிக்கரைக் கதைகளில் குழந்தைச் சிரிப்பு

குழந்தைகளைப் பற்றி நகைச்சுவையாக எழுதுவது மிக எளிது என்று நம்மில் பலர் கருதுகிறோம். வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால் போதும், எழுத்தாளர் கதைப்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் தமிழ் இதழ்களில் கடந்த நூறு ஆண்டுகளில் வெளிவந்த குழந்தைக் குறும்புக் கதைகள், துணுக்குகள், கட்டுரைகள் ஆகியவற்றுள் இன்று நம் நினைவில் நிற்பவை எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம். பொருள் எளிதாகக் கிடைத்தும் படைப்பு ஏன் நிலைப்பதில்லை? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. தஞ்சைத் தரணியில் பிறந்த எழுத்தாளர் சிலரின் படைப்புகளை இதற்குச் சான்றுகளாகக் கொள்வோம்.

இதற்கான அளவுகோலைத் தொல்காப்பியரே நமக்குத் தந்திருக்கிறார். மெய்ப்பாட்டியலில் எட்டுச் சுவைகளைக் கூறும் அவர் நகையை முதலாவதாக வைக்கிறார். அந்நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்றும் வகுக்கிறார். அவற்றுள் எள்ளல் ஒன்று, இளமை மற்றொன்று, பேதைமையும் மடனும் ஏனைய இரண்டு. எள்ளலையும் இளமையையும் அவர் தனித்தனியே வைத்திருப்பது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. ஒருவனை இகழ்ந்து சிரிக்கும் சிரிப்பு வேறு. இளமையைக் கண்டு உள்ளம் மலர்ந்து சிரிக்கும் சிரிப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதே நம் குழந்தை நகைச்சுவையின் பெருங்குறை என்பது என் கருத்து. குழந்தையின் மழலையைக் கேட்டு மகிழத் தொடங்கும் எழுத்தாளர், தம்மை அறியாமலே அக்குழந்தையை எள்ளத் தொடங்கிவிடுகிறார். அப்பொழுதே கதையின் ஈரம் உலர்ந்துவிடுகிறது.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். திருவள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, பிள்ளையின் சிறுகை அளைந்த உணவையும் அதன் மழலையையும் போற்றுகிறார். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. பலரோடு அமர்ந்து உண்ணும் பெருஞ்செல்வர் வீட்டில் ஒரு குழந்தை குறுகுறுவென நடந்து வருகிறது. உண்கலத்தில் கையை விடுகிறது. சோற்றைக் கலைத்து மேனியெங்கும் அப்பிக்கொள்கிறது. அரசன் ஒருவன் தன் வெற்றிகளைப் பாடாமல், ஒரு குழந்தை சோற்றைச் சிதறடிப்பதைப் பாடியிருக்கிறான்! அப்பாட்டில் சிரிப்பு உண்டு. குழந்தைக்கு இழிவு இல்லை. விருந்தின் ஒழுங்கும் செல்வத்தின் மிடுக்குமே அங்கே கலைகின்றன.

பிள்ளைத்தமிழ் இலக்கியத்திலும் இதே நெறியைக் காண்கிறோம். கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் முற்பட்டது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடியதாகும். சோழநாட்டின் வேந்தனையே தொட்டிலில் இட்டுப் பாடிய நூல் அது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிமீது ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிள்ளைத்தமிழ் நூல்கள் பலவற்றை இயற்றினார். காவிரிக்கரைக்கும் குழந்தைக் கவிதைக்கும் உள்ள உறவு இவ்வாறு நீண்டது.

அவ்விலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் அம்புலிப் பருவம் கவிஞர்க்கு மிகக் கடினமானது என்று புலவர்கள் சொல்வர். வானத்து நிலவை, குழந்தையோடு விளையாட வா என்று அழைப்பது அப்பருவம். அதற்குக் கவிஞர் கையாளும் வழி என்ன? சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்கள்! பகையரசரை வெல்ல அமைச்சர்கள் வகுத்த அரசியல் தந்திரங்களை எல்லாம், ஒரு கைக்குழந்தைக்கு விளையாட்டுத் தோழன் தேடுவதற்குப் பயன்படுத்துகிறார் புலவர். முதலில் நிலவைப் புகழ்கிறார்; பிறகு குழந்தையோடு ஒப்பிட்டு அதன் குறையை எடுத்துரைக்கிறார்; பரிசு தருவதாக ஆசை காட்டுகிறார்; இறுதியில் வராவிட்டால் தொலைந்தாய் என்று மிரட்டவும் செய்கிறார். இதைவிடச் சிறந்த நகைச்சுவை உண்டா? ஆனால் இங்கே நாம் யாரைக் கண்டு சிரிக்கிறோம்? குழந்தையை அன்று. குழந்தைக்காகத் தம் புலமை அனைத்தையும் முற்றத்தில் கொட்டிவிட்டு நிற்கும் பெரியவரைக் கண்டே சிரிக்கிறோம். அந்தப் பெரியவரும் அதை அறிந்தே செய்கிறார். குழந்தை நகைச்சுவையின் இலக்கணம் இதுவே: குழந்தை அரியணையில் இருக்க வேண்டும், கோமாளி வேடம் பெரியவருக்கு உரியது.

ஆடிப்பெருக்கன்று நம் பகுதிச் சிறுவர்கள் மரத்தால் செய்த சிறு சப்பரங்களைத் தெருப்புழுதியில் கடகடவென இழுத்துச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைத்தமிழின் சிறுதேர்ப் பருவம் அன்று நம் தெருவிலேயே நடக்கிறது. வழியில் நிற்கும் பெரியவர்கள் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். சிறுவனின் தேருக்கு வழிவிட்டு ஒதுங்கும் மனம் எழுத்தாளருக்கும் வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

இருபதாம் நூற்றாண்டில் உரைநடை வளர்ந்தபோது இந்த மனம் இதழ்களுக்குள் நுழைந்தது. திருவிடைமருதூரில் 1913-இல் பிறந்து கும்பகோணத்தில் பயின்ற தேவன், சிறுவன் ஒருவனின் குறும்பைப் பொருளாகக் கொண்ட 'மாஸ்டர் ராஜாமணி' என்னும் எழுத்தின் வாயிலாகவே ஆனந்த விகடனில் அடியெடுத்து வைத்தார். கல்கியின் பாராட்டைப் பெற்று, பின்னர் அவ்விதழின் பொறுப்பையே ஏற்றுப் பணியாற்றி, 1957-இல் மறைந்தார். தமிழின் தலைசிறந்த நகைச்சுவையாளருள் ஒருவர் ஒரு சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு இலக்கியத்துக்குள் வந்தார் என்பது இனிய செய்தி அன்றோ? தஞ்சாவூரில் 1924-இல் பிறந்த ஓவியர் கோபுலுவும் இந்த மண்ணின் கொடையே. சொல்லே இல்லாத நகைச்சுவைப் படங்களை அவர் வரைந்தார். விளக்கம் தேவைப்படாத சிரிப்பே தூய சிரிப்பு என்பதை அவருடைய கோடுகள் நமக்குக் கற்பித்தன. இவர்கள் வளர்த்த வாசகர் கூட்டம், குடும்பத்தின் சிறு நிகழ்ச்சிகளும் எழுதத்தக்கவை என்பதை ஏற்றுக்கொண்டது. திண்ணையும் முற்றமும் படித்துறையும் பாசஞ்சர் வண்டியும் இலக்கியக் களங்களாயின.

எனினும் சிரிப்பு மட்டும் போதுமா? இங்கேதான் தி. ஜானகிராமன் வருகிறார். மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் 1921-இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் அகில இந்திய வானொலியில் சேர்ந்தவர் அவர். 1979-இல் 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுதிக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சிறுவர்களை நாள்தோறும் வகுப்பறையில் கண்டவரின் பார்வை அவருடைய கதைகளில் இருக்கிறது.

அவருடைய 'சிலிர்ப்பு' என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். திருச்சியிலிருந்து மாயவரம் செல்லும் ரயிலில் ஒரு தந்தையும் சிறு மகனும் பயணம் செய்கின்றனர். பையனிடம் ஓர் ஆரஞ்சுப்பழம் இருக்கிறது. அதை அவன் உடனே தின்றுவிடாமல் பெரும் புதையலாகப் பாதுகாக்கிறான். இதுவரை இது எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடிய இனிய வேடிக்கை. பெரியவர்களுக்குச் சில காசு பெறும் பொருள் குழந்தைக்கு ஓர் அரசாகத் தோன்றுவதைக் கண்டு நாம் புன்முறுவல் செய்கிறோம். அதே வண்டியில் ஒரு சிறுமி ஏறுகிறாள். வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படுகிறவள் அவள். தாய் தந்தையரை விட்டு, மொழி தெரியாத ஊருக்கு, பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காகச் செல்கிறாள். பெரியவர்கள் அவளுக்காக இரங்குகின்றனர், வியக்கின்றனர், பேசுகின்றனர். பையன் மட்டும் பேசுவதில்லை. தன் ஆரஞ்சை அவளிடம் கொடுத்துவிடுகிறான். தந்தைக்கு மெய் சிலிர்க்கிறது.

இக்கதையின் திறன் எங்கே இருக்கிறது? பையனின் பிடிவாதத்தைக் கண்டு நாம் சிரித்தோமே, அந்தச் சிரிப்பே கதையின் முடிவுக்கு விலை தருகிறது. ஆரஞ்சை அவன் எவ்வளவு அருமையாக வைத்திருந்தான் என்பதை நகைச்சுவையால் நாம் அளந்திராவிட்டால், கொடுத்ததன் பெருமை நமக்குத் தெரிந்திராது. பெரியவர்களின் இரக்கம் சொல்லாக வழிந்தோடிவிட, குழந்தையின் இரக்கம் பழமாகக் கைமாறுகிறது. பையனைத் 'தியாகி' ஆக்கிக் காட்டாமல், கடைசிவரை பையனாகவே விட்டுவைத்ததில் ஆசிரியரின் நேர்மை தெரிகிறது.

'முள்முடி' இதன் மறுபக்கம். அனுகூலசாமி என்னும் கிறிஸ்தவ ஆசிரியர் பணி ஓய்வு பெறுகிறார். நெடுங்காலப் பணியில் ஒரு மாணவனையும் அடித்ததில்லை என்று ஊர் அவரைப் போற்றுகிறது. அன்று ஒரு தாய் தன் மகனோடு வந்து நிற்கிறாள். ஒரு புத்தகத்தைத் திருடியதற்காக, அவனோடு யாரும் பேசவேண்டாம் என்று ஆசிரியர் சொன்ன சொல்லை வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டுக் காலமாகக் காத்துவந்திருக்கின்றனர். பிரிவு விழாவுக்கு அவன் கொடுத்த பணத்தைக்கூட அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. சொன்னவருக்கு அது ஒரு நாளின் வார்த்தை. சிறுவனுக்கோ ஓராண்டின் தனிமை. கதையின் தலைப்பு நமக்கு நன்கு அறிமுகமான சின்னம். அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் கவனிக்க வேண்டியது, பிரம்பு எடுக்காதவரும் காயப்படுத்த முடியும் என்பதை ஆசிரியர் குரலை உயர்த்தாமல் காட்டும் விதம். குழந்தையிடம் பெரியவர் சொல்லும் எந்தச் சொல்லும் சிறிய சொல் அன்று. எள்ளல் எத்தகைய கருவி என்பதையும் இக்கதையைக் கொண்டே நாம் அளந்துகொள்ளலாம். தண்டனையாகச் சொன்ன ஒரு சொல் ஓராண்டு நிற்குமானால், சிரிப்புக்காகச் சொன்ன சொல் எத்தனை ஆண்டு நிற்கும்?

மாயவரத்தில் 1940-இல் பிறந்து 2020-இல் மறைந்த சா. கந்தசாமி இன்னொரு கோணத்தைத் தருகிறார். அவருடைய 'தக்கையின் மீது நான்கு கண்கள்' என்னும் கதையில் தாத்தாவும் பேரனும் குளத்தில் தூண்டில் போடுகின்றனர். மீன்பிடிப்பதில் தேர்ந்த தாத்தாவிடம் சிக்காத பெரிய மீன் பேரனிடம் சிக்கிவிடுகிறது. மகிழ வேண்டிய பெரியவரால் மகிழ இயலவில்லை. தலைப்பே கதையின் சாரம்: நீரில் மிதக்கும் ஒரு தக்கை, அதன்மேல் பதிந்திருக்கும் இருவர் கண்கள். வயது அறுபதும் ஆறும் ஒரே ஆசையில் சமமாகிவிடுகின்றன. நாம் சிரிக்கிறோம், சிரித்தபடியே, அந்த முதியவரின் பொறாமை நமக்கும் அந்நியமானது அன்று என்பதை உணர்ந்து சற்றே கூசுகிறோம். அம்புலிப் பருவத்துப் புலவர் அறிந்தே கோமாளியானார்; இந்தத் தாத்தா அறியாமல் ஆகிறார். இருவரிடையே உள்ள தொலைவுதான் பழைய கவிதைக்கும் புதிய சிறுகதைக்கும் உள்ள தொலைவு.

இவ்வளவு பாராட்டியபின் ஒரு குறையையும் சொல்லாமல் விடுவது திறனாய்வு ஆகாது. காவிரிக்கரை நகைச்சுவையில் வரும் குழந்தைகள் யாருடைய குழந்தைகள்? பெரும்பாலும் நிலமும் படிப்பும் உத்தியோகமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். குறும்பு செய்ய ஓய்வு வேண்டும். அதை ரசிக்கத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் வேண்டும். நாற்றங்காலிலும் களத்துமேட்டிலும் தாயின் பின்னே நடந்த பிள்ளைக்கும், பண்ணை மாடுகளை மேய்த்த பிள்ளைக்கும் குறும்பு இல்லாமலா இருந்திருக்கும்? அதை எழுதுவதற்கு ஆள் இல்லை. தஞ்சைப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்தான். அதுவரை அந்த வீடுகளில் பிறந்த குழந்தையின் மழலை, அச்சு ஏறாமலே காற்றில் கரைந்துபோயிற்று. குழந்தைகள் எல்லார்க்கும் பொதுவானவர்கள் என்று பேசுகிறோம். குழந்தைப்பருவம் எல்லார்க்கும் பொதுவாக வழங்கப்படவில்லை.

இதனாலேயே 'சிலிர்ப்பு' கதையை நான் உயர்வாக மதிக்கிறேன். குழந்தைப்பருவம் கிடைத்த ஒரு பிள்ளையையும் அது மறுக்கப்பட்ட ஒரு பிள்ளையையும் ஒரே ரயில் பெட்டியில் எதிரெதிரே அமர்த்தினார் ஜானகிராமன். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு அமர்த்துவது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது 2006-ஆம் ஆண்டு அக்டோபரில்தான். சட்டம் அந்தப் பெட்டிக்குள் வந்துசேர அவ்வளவு காலம் ஆயிற்று. கதையின் பையன் முன்பே அங்கே இருந்தான்.

காவிரிப் படுகைக்கு வெளியிலிருந்து ஒரு நூலை இங்கே ஒப்புநோக்குவது பயன் தரும். 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' என்னும் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பள்ளி விட்டு வரும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தை அதன் கயிற்றை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுசெல்வதைப் பார்க்கிறாள். அந்தக் காட்சி அவளுக்குச் சிரிப்பை மூட்டுகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் வேடிக்கையாகச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தீண்டாமையின் காரணமாக அவர் பொட்டலத்தைத் தொடக்கூடாது என்பதை விளக்குகிறான். சிரிப்பு அங்கேயே செத்துப்போகிறது.

இது வெறும் சோகக் காட்சி என்று கடந்துவிடலாகாது. அச்சிறுமியின் முதல் சிரிப்பே சரியான தீர்ப்பு. உணவுப் பொட்டலத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு நடக்கச் செய்யும் ஒரு சமூக ஒழுங்கு, கபடமற்ற கண்ணுக்கு நகைப்புக்கு இடமாகவே தோன்றும். அறுவருக்கத்தக்க அவ்வொழுங்கை இயல்பானது என்று பழகிக்கொண்டவர்கள் பெரியவர்கள். குழந்தையின் சிரிப்பு அதைப் பழகிக்கொள்ளவில்லை. தொல்காப்பியர் வகுத்த இளமை என்னும் களன், இங்கே எள்ளலைவிடக் கூரிய ஆயுதமாகிவிடுகிறது.

சரி, இவையெல்லாம் இலக்கிய ஆராய்ச்சி. நம் வீடுகளுக்கு இதனால் என்ன என்று வாசகர் சிலர் கேட்கலாம். கேட்கத் தகுந்த கேள்வியே. வீடு சந்திக்கச் செல்லும் இடங்களில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. விருந்தினர் வந்ததும் பிள்ளையை அழைத்து முன்னே நிறுத்துகிறார்கள். "சாமியார்கிட்டே அன்னைக்கு என்ன சொன்னேன்னு சொல்லு" என்கிறார்கள். பிள்ளை ஒரு நாள் அறியாமல் சொன்ன சொல், அல்லது பயந்து அழுத கதை, அல்லது பாயை நனைத்த செய்தி, அவன் எதிரிலேயே அரங்கேறுகிறது. அனைவரும் சிரிக்கிறார்கள். முதலில் அவனும் சிரிக்கிறான். மூன்றாம் முறை சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கதவுக்குப் பின்னே போய் நின்றுகொள்கிறான். அவனுடைய நம்பிக்கையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து நாம் விருந்தினர்க்குப் பரிமாறிவிட்டோம்.

முன்பு இந்தச் சிரிப்பு திண்ணையோடு நின்றது. பிறகு வார இதழ்களின் மூலைகளில் பெட்டிச் செய்தியாக வந்தது. அடுத்த வாரம் மறக்கப்பட்டது. இன்றோ கைப்பேசி அதைப் படமாக்கி ஊர் உலகமெங்கும் அனுப்பிவிடுகிறது. பாகற்காயை ஊட்டிவிட்டு முகம் கோணுவதைப் படமெடுப்பதும், பொய்யாக மிரட்டி அழவைத்து அதைப் பதிவுசெய்வதும் பொழுதுபோக்காகிவிட்டன. பத்து வயதானபின் அப்பிள்ளை அதைக் காணும். அதன் வகுப்புத் தோழர்களும் காண்பார்கள். புறநானூற்றுக் குழந்தை சோற்றை அப்பிக்கொண்டபோது அரசன் அதன் பெயரைச் சொல்லவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று காட்டிக்கொடுக்கவும் இல்லை. எல்லாக் குழந்தைகளும் அந்தக் குழந்தையாயின.

அப்படியானால் குழந்தைகளைப் பற்றிச் சிரிக்கவே கூடாதா? அவ்வாறு சொல்வேனாயின், இக்கட்டுரை முழுவதும் நான் போற்றிய எழுத்தாளர் அனைவருக்கும் மாறாகப் பேசியவன் ஆவேன். சிரிப்பில்லாத வீடு நீரில்லாத வாய்க்கால். பிள்ளைகளை எப்பொழுதும் மிகக் கவனமாக, கண்ணாடிப் பாத்திரத்தைப்போல் கையாளும் வீடும் அவர்களுக்கு மூச்சுமுட்டவே செய்யும். நான் வேண்டுவது ஒரு சிறு பகுத்தறிதல் மட்டுமே. ஒரு குழந்தைக் கதையை எழுதுமுன்னும் சொல்லுமுன்னும் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். இந்தச் சிரிப்பில் அசடு ஆகிறவர் யார், குழந்தையா நாமா? அந்தக் குழந்தை வளர்ந்தபின் இதைப் படித்தால் நம்மோடு சேர்ந்து சிரிக்குமா? நாம் சிரிக்கும் அதே வேளையில், நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் குழந்தை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா?

முதல் வினாவுக்குப் பிள்ளைத்தமிழ்ப் புலவரும் சா. கந்தசாமியும் விடை தந்துள்ளனர். இரண்டாம் வினாவின் கூர்மையை 'முள்முடி' காட்டுகிறது. மூன்றாம் வினாவைச் சிறுவன் ஒருவன் மாயவரம் வண்டியில் வாய்திறவாமலே கேட்டுவிட்டான். இந்த மூன்றையும் தாங்கி நிற்கும் நகைச்சுவை எழுத்து நம்மிடம் குறைவாகவே இருக்கிறது. எழுதப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. களத்துமேட்டுப் பிள்ளைகளின் குறும்பை எழுதத்தக்கவர்கள் இன்று நம் ஊர்களில் படித்து வளர்ந்திருக்கிறார்கள். வைக்கோற்போரில் சறுக்கியதையும், மதகில் குதித்து அடிவாங்கியதையும், பாட்டியின் சுருக்குப்பையைத் துழாவியதையும் அவர்கள் எழுதட்டும். அப்படி ஒரு கதை வரும் நாளில், காவிரிக்கரையின் குழந்தை இலக்கியம் தனக்கு உரிய பிள்ளைகள் அனைவரையும் பெயர்சொல்லி அழைத்ததாகும்.